வேலைக்குப் போய்க்கொண்டே பேஸ் வாசிக்க: கடையிலிருந்து கல்யாண மேடை வரை

பதினான்கு வருடமாக பேஸ் கிடார் வாசிக்கிறேன். பிழைப்பு அது இல்லை. பகலில் ஓர் ஆபீஸில் கணக்கு வேலை, ஞாயிறு காலை சர்ச், முகூர்த்த மாதங்களில் நண்பர்களின் ஆர்க்கெஸ்ட்ராவோடு ரிசப்ஷன் கச்சேரி. சென்னையில் என்னைப் போல நிறையப் பேர் உண்டு. அதில் பாதிப் பேர் விரும்பி பேஸுக்கு வந்தவர்கள் இல்லை. ஒரு குழுவில் நான்கு பேர் கிடார் வாசிப்பார்கள், பேஸுக்கு ஆள் இருக்காது, அந்த நால்வரில் யார் மறுத்துப் பேசத் தெரியாதவரோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வந்த பிறகு திரும்பிப் போகத் தோன்றவில்லை.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், தப்புத் தப்பாக வாங்கி, மேடையில் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கருவியைத் தொட முடியும் என்கிறவர்களுக்கு.

முதலில் கருவி

நான்கு கம்பி பேஸ் வாங்குங்கள். ஐந்து கம்பி பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரும்பாலான பேஸ்களில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். கை சின்னதாக இருந்தாலோ, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்கினாலோ, 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கிடைக்கும். அதை மட்டமாக நினைக்க வேண்டாம், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் உலகமே பார்த்த அந்த வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த அளவு சின்ன பேஸ்தான்.

கடையில் இரண்டு குடும்பங்கள் கண்ணில் படும். ஒன்று ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் வழி வந்தது, இன்னொன்று 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் வழி வந்தது. இன்று எந்த பிராண்டை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயல் இருக்கும், அல்லது இரண்டையும் கலந்திருப்பார்கள். பிரிசிஷனில் நடுவில் இரண்டு துண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தத் துண்டு), எங்கே கொண்டுபோய்ச் சொருகினாலும் ஒரே மாதிரி கனமாகக் கேட்கும், யோசிக்க ஒன்றும் இல்லை. ஜாஸில் இரண்டு பிக்கப், கழுத்துப் பகுதி மெல்லியது, சத்தத்தை நன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்துவைத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், இரண்டையும் முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். இது தெரியாமல் கருவியே பழுது என்று நினைத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, ஸ்குவையர் எல்லாம் ஆரம்பத்துக்குப் போதும். எதை வாங்குகிறீர்கள் என்பதைவிட எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். பழையது வாங்கப் போனால் இதைச் செய்யுங்கள்: தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், அப்போது ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. இரண்டு கார்டு அடுக்கி நுழைத்தால் போகிறது என்றால், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை முறுக்கிச் சரி செய்யலாம், ஆனால் அது உண்மையில் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து வாருங்கள், எங்காவது சத்தம் செத்துப்போகிறதா, உரசுகிறதா என்று. பத்து நிமிடம் ஆகும். விற்பவர் எரிச்சல்படுவார், படட்டும்.

எடையையும் பாருங்கள். நான்கு கிலோவை நின்றபடி மூன்று மணி நேரம் தோளில் போட்டிருக்கப் போகிறீர்கள். பெல்ட் அகலமாக இருக்க வேண்டும், இதில் காசு பார்க்காதீர்கள்.

கம்பியும் கட்டையும்

நான்கு கம்பிகளும், தடிமனானதில் தொடங்கி, இ, ஏ, டி, ஜி. கிடாரின் தடித்த நான்கு கம்பிகள்தான், ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் நம் ஊர் மேடையில் யாரும் இ, ஏ என்று பேசமாட்டார்கள், கட்டைக் கணக்குதான். சி என்றால் ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, இப்படியே போய் பி என்றால் ஏழு கட்டை. அப்படிப் பார்த்தால் உங்கள் நான்கு கம்பிகளும் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டை. இதை ஒரு வாரம் உச்சரித்து மனதில் ஏற்றிவிடுங்கள். 'ஒரு கட்டை' என்றவுடன் விரல் ஏ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும், 'அஞ்சரை' என்றால் இ கம்பியின் நான்காவது ஃப்ரெட்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் முதல் ரிசப்ஷனில் நடந்தது இது. ஆறு கட்டையில் ஒத்திகை பார்த்த பாட்டு. திறந்த ஏ கம்பியை நம்பியே முழுப் பாட்டையும் அமைத்திருந்தேன். மேடை ஏறும்போது பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணா, அரை கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டார். கீபோர்டு தம்பி ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டு ரெடி என்றான், அவன் விரல் போகும் இடம் மாறாது. கிடாருக்கும் பேஸுக்கும் அப்படிப் பட்டன் கிடையாது. திறந்த கம்பி எதுவுமே உதவாத அஞ்சரைக் கட்டையில் பல்லவி முழுக்கத் தடவினேன், சரணத்தில் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு வாசிப்பதுபோல நின்றேன்.

அன்றிலிருந்து எந்தப் பாட்டையும் திறந்த கம்பி இல்லாமல் ஒரு தடவை, இருக்கும் சுதியில் ஒரு தடவை, அரை கட்டை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

ஐந்தாவது கம்பிக்கும் இதுதான் காரணம். நான்கு கம்பி பேஸில் மூன்று கட்டைக்குக் கீழே போக முடியாது. பாட்டு இரண்டரைக் கட்டையில் இருந்தால் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் கையில் இருக்காது, ஏ கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டுக்கு ஏறித்தான் வாசிக்க வேண்டும், குழு முழுக்க லேசாகிவிட்டதுபோல இருக்கும். பாடகர்களோடு அடிக்கடி வாசிப்பவர் என்றால் இரண்டு மூன்று வருடம் கழித்து ஐந்து கம்பிக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. முதல் நாளே வாங்கினால், வாசிக்காத கம்பி அதிராமல் பிடித்துக்கொள்வதே பெரும் பாடாகிவிடும்.

ஆம்ப் வாங்க அவசரப்படாதீர்கள்

இ கம்பியைத் திறந்து அடித்தால் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதை நியாயமாகக் கேட்க வைக்கப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், அதை வைக்க வீடு வேண்டும், கீழ் வீட்டுக்காரர் பொறுக்க வேண்டும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பேஸிலேயே சொருகும் ஹெட்ஃபோன் ஆம்போ, கம்ப்யூட்டரில் மாட்டும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸோ வாங்கி, நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லாமல் வெறும் கருவியில் மட்டும் பயிற்சி செய்யாதீர்கள். காதுக்குக் கேட்க வேண்டுமே என்று ஓங்கி ஓங்கி அடித்து வலது கை முரடாகிவிடும், பிறகு மேடையில் ஆம்ப் இருக்கும்போதும் கை அடங்காது. நண்பருடைய சின்ன கிடார் ஆம்பில் பேஸைச் சொருகி சத்தத்தை ஏற்றவும் வேண்டாம், ஸ்பீக்கர் கிழியும், நட்பும் கிழியும்.

மேடையில் பெரும்பாலும் பேஸ் ஆம்பே இருக்காது. பேஸ் சத்தம் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போகும். அதனால் ஆம்புக்கு முன்னால் சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் வாங்குங்கள், நல்ல கேபிள் இரண்டு வாங்குங்கள்.

இரவு ஒன்பதரைக்கு மேல்

தினமும் நாற்பது நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் வாசித்து மற்ற நாளில் தொடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும். ஒரே விரல் இரண்டு முறை வந்தால் நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற ரெக்கார்டு கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தார், அந்த விரலுக்குக் கொக்கி என்றே பெயர். அதைச் சொல்லி வாதாடுபவர்கள் அவர் அளவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வாதாடலாம். இடது கையில், கீழ் ஃப்ரெட்களில் நான்கு விரலையும் நான்கு ஃப்ரெட்டுக்கு விரித்துப் பிடிக்க முயன்று மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்திவைத்து வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ்காரர்கள் செய்வதுபோல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மூன்று ஃப்ரெட்டுக்கு வைத்து, தேவையானபோது கையையே நகர்த்துங்கள். வலி வந்தால் நிறுத்துங்கள், விரல் நுனி எரிச்சல் பரவாயில்லை, மணிக்கட்டில் வலி ஆகாது.

அடுத்தது, முதல் ஐந்து வருடம் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். எங்கள் ட்ரம்மர் என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு நாள் ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க அடிக்கிறது சரியாத்தான் விழுது. எடுக்கிறதுதான் சரியில்ல."

எனக்குப் புரியவில்லை. மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போய், கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் பளிச்சென்ற சின்ன ட்ரம்) மட்டும் வாசித்தான். முதல் அடியில் கிக், இரண்டில் ஸ்னேர். "கிக் விழும்போது அடிங்க, ஸ்னேர் விழும்போது சத்தம் நிக்கணும். நீங்க ஸ்னேர் மேல ஏறி ஓட விடுறீங்க, அதனால என் ஸ்னேர் ஈரமா கேக்குது." அவன் சொன்னபடி நிறுத்தினேன். ஒரே நொடியில் அறையே துப்புரவானதுபோல இருந்தது. ஒரு ஸ்வரத்தை எங்கே தொடங்குவது என்று மட்டுமே அதுவரை யோசித்திருக்கிறேன், எங்கே முடிப்பது என்று யோசித்ததே இல்லை.

அதற்கான பயிற்சி இது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒன்றில் ஒரு ஸ்வரம் அடித்து, இரண்டு விழும் அதே கணத்தில் நிறுத்துங்கள், மூன்றில் அடித்து நான்கில் நிறுத்துங்கள். நிறுத்த இரண்டு வழி உண்டு. இடது விரலின் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், கம்பியைவிட்டு விரலை எடுக்காதீர்கள், எடுத்தால் திறந்த கம்பி முனகும். அல்லது வலது கையின் அடுத்த விரலை அடிப்பதற்கு முன்பே கம்பியில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டையும் பழகுங்கள். அது வசமானதும் மெட்ரோனோமை இரண்டிலும் நான்கிலும் மட்டும் விழுவதாக நினைத்துக்கொண்டு, ஒன்றையும் மூன்றையும் நீங்களே போடுங்கள். முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும். போனில் பதிவு செய்து மறுநாள் காலை பஸ்ஸில் ஹெட்ஃபோனில் கேளுங்கள், வாசிக்கும்போது காதில் விழாத தப்பெல்லாம் அப்போது விழும்.

ஸ்வரங்களைப் பொறுத்தவரை ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், இந்த மூன்றும் எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்தாலும் கை தானாகப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு அதிலேயே பாட்டுகளை ஓட்டலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பாட்டிலிருந்து பேஸைக் காதால் பிடிப்பதையும் இப்போதே தொடங்குங்கள். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலோர் நேராக இளையராஜா பாட்டுக்குப் போவார்கள், அங்கே பேஸ் கார்டுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்காது, தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவர் குழுவில் சசிதரன் வாசித்ததைக் கேட்டுத்தான் இந்த ஊரில் பாதிப் பேருக்கு பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியும். கேளுங்கள், தினமும் கேளுங்கள், ஆனால் வாசிக்க எடுப்பதை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேளுங்கள், எங்கெங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணிக்கொண்டே.

கட்டை விரலால் அடித்துத் தெறிக்கவிடும் ஸ்லாப் வாசிப்பைக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். பதினான்கு வருடத்தில் மேடையில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. பரீட்சை எழுதியே தீர வேண்டும் என்றால் லண்டன் ட்ரினிட்டி காலேஜின் ராக் அண்ட் பாப் தேர்வில் பேஸ் இருக்கிறது, அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் விசாரிக்கலாம். நான் எழுதவில்லை.

கருவியைப் பார்த்துக்கொள்வது

சென்னைக் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். புதுக் கம்பி செட் விலையைக் கேட்டால் மனசு கேட்காது, ஒரு தடவை பழையதைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டிப் பாருங்கள், உள்ளே சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு போய்ச் சத்தம் திரும்பும். சில வாரம்தான் நிற்கும். சாம்பார் வைக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள், எங்கள் வீட்டில் அது இன்றும் பேசப்படுகிறது.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இ கம்பியின் உயரம் இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கு இதம். ட்ரஸ் ராடைத் தொட்டால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டு ஒரு நாள் விடுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் சுதி சரியாக விழ: பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு அடித்தால் வரும் மணிச் சத்தமும், அதே இடத்தில் அழுத்தி அடித்தால் வரும் சத்தமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் (கம்பிகள் உடம்புப் பக்கம் முடியும் இடம்) அந்தக் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்கு.

குழு

சர்ச்சில் ஆரம்பிக்கக் கிடைத்தால் விடாதீர்கள். வாரா வாரம் மேடை, புதுப் பாட்டு, தப்பு செய்தால் மன்னிக்கிற ஜனம். கல்லூரி, ஆபீஸ் குழுக்களில் ஒத்திகையைவிட வாட்ஸப் பேச்சு அதிகம், சீக்கிரம் கலையும், ஆனால் நட்பு மிஞ்சும்.

எந்தக் குழுவாக இருந்தாலும் முதல் ஒத்திகையில் கீபோர்டுக்காரரோடு ஒரு விஷயம் பேசிவிடுங்கள். பேஸ் ஆள் இல்லாத காலத்தில் அவருடைய இடது கைதான் உங்கள் வேலையைப் பார்த்தது, அந்தப் பழக்கம் போகாது. இரண்டு பேரும் கீழே வாசித்தால் சேறு. சண்டையாக்காமல் "தம்பி, இன்னைக்கு ஒரு பாட்டுக்கு இடது கையை எடுத்துட்டு வாசிச்சுப் பார்ப்போமா" என்று கேளுங்கள், வித்தியாசம் அவருக்கே கேட்கும். குத்துப் பாட்டுகளில் தவிலும் எலக்ட்ரானிக் பேடும் கீழ்ப்பகுதியை ஏற்கெனவே நிறைத்திருக்கும், அங்கே இழுத்து வாசிக்காமல் திஸ்ர நடையில் குட்டை குட்டையாக வெட்டுங்கள். ட்ரம்மருக்கு ஹைஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) இருக்கும் பக்கம் நில்லுங்கள், அங்கிருந்து அவர் கிக் கால் தெரியும்.

கச்சேரி நாள்

டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபம் என்றால் பேஸ் சத்தம் சுவரெல்லாம் உருளும். சவுண்ட்காரரிடம் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஸ்வரங்களை வழக்கத்தைவிட இன்னும் குட்டையாக நிறுத்துங்கள். ட்ரம்மர் சொன்ன அந்தப் பாடம் இங்கேதான் சோறு போடும்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியில்லாமல் இருப்பது சகஜம். கோரஸ் பாடப் போனால், கம்பியில் கை வைத்தபடி உதட்டை மைக்கில் கொண்டுபோகாதீர்கள், பளீரென்று அடிக்கும். முதலில் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பாருங்கள், எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை எதையும் தொடாதீர்கள். இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் சரி செய்கிறேன் என்று வருபவரை அருகில் விடாதீர்கள்.

கடைசியாக பேட்டரி. ஆக்டிவ் பேஸ்களில் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிள் சொருகியிருக்கும்வரை, நீங்கள் வாசிக்காவிட்டாலும், அது தீர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு இது தெரியும், தெரிந்தும் ஒரு கச்சேரியில் மதியம் சவுண்ட் செக் முடித்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போனேன். இரவு எட்டரைக்கு, மாப்பிள்ளை பெண் மேடைக்கு வந்து எல்லோரும் எழுந்து ஆடும் பாட்டில், சத்தம் முதலில் கரகரத்து, பிறகு இளைத்து, பிறகு இல்லை. பேட்டரி மூடியில் இரண்டு திருகு, என்னிடம் திருப்புளி இல்லை. கீபோர்டு தம்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் இரண்டு வருடமாக அடக்கச் சொன்ன அதே இடது கையை இறக்கினான். பாட்டு தப்பித்தது.

ஆகவே பையில் எப்போதும்: புது 9 வோல்ட் பேட்டரி, ஸ்டார் திருப்புளி, ஆலன் கீ, கூடுதல் கேபிள், ட்யூனர், துணி, காதுக்கு அடைப்பான். கச்சேரி முடிந்ததும் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள், கம்பியைத் துடையுங்கள், பையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டுப் பந்திக்குப் போங்கள். பாயசம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். பந்தி மேற்பார்வை பார்ப்பவரிடம் சவுண்ட் செக் சமயத்திலேயே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்.